கர்னல் பில்ட் பேட்சை ரிவ்யூ செய்வது எப்படி: டிஃப்பில் தெரியாததைத் தேடும் முறை

சி கோடில் வரும் பேட்சில் (சோர்ஸில் சேர்க்க அனுப்பப்படும் மாற்றம்), மாறிய ஃபங்ஷனை ஊன்றிப் படித்தாலே பிழைகளில் பாதி கண்ணில் பட்டுவிடும். மேக்ஃபைலிலோ (பில்ட் விதிகள் உள்ள ஃபைல்) கேகான்ஃபிக் ஃபைலிலோ (கர்னல் ஆப்ஷன்களை வரையறுக்கும் ஃபைல்) வரும் பேட்சில் அது நடக்காது. டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) மூன்றே வரி இருக்கும், படித்தால் சரியாகத்தான் தோன்றும். விளைவு வெளிப்படுவதோ உங்களிடம் இல்லாத ஆர்க்கிடெக்சரில், நீங்கள் போடாத கான்ஃபிகில், வேறு யாரோ வைத்திருக்கும் கம்பைலர் பதிப்பில். பில்ட் உடைந்து எரர் வந்தால் கவலையில்லை. யாராவது அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். எரரே வராமல் ஒரு டிரைவர் காணாமல் போவதும், ஒரு பாதுகாப்பு ஃபிளாக் கழன்று விழுவதும்தான் உண்மையான ஆபத்து. அதனால் பில்ட் பேட்ச் ரிவ்யூவில் படிப்பது சிறு வேலை. பேட்சுக்கு முன்னும் பின்னும் பில்ட் செய்து, வெளியே வந்ததை ஒப்பிடுவதுதான் பெரிய வேலை.

இங்கே லினக்ஸ் கர்னலின் பில்ட் அமைப்பான கேபில்டை வைத்துச் சொல்கிறோம். சிமேக், மீசான் போன்றவற்றைப் பயன்படுத்தும் பெரிய திட்டங்களுக்கும் அடிப்படை இதேதான். கருவிகளின் பெயர்தான் மாறும்.

கமிட் செய்தியில் என்ன கேட்க வேண்டும்

கோடைத் திறப்பதற்கு முன் கமிட் செய்தியில் இரண்டு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: இந்த மாற்றத்தால் யாருடைய பில்ட் வேறுபடும், எந்தக் கான்ஃபிகில் எந்த ஆர்க்கிடெக்சரில் எந்தக் கம்பைலரில் சோதித்தார்கள். "மேக்ஃபைலைச் சுத்தப்படுத்தினேன்" என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கேளுங்கள். சுத்தப்படுத்தல் என்றால் வெளிவரும் பைனரி ஒரு பைட்கூட மாறக்கூடாது. மாறினால் அது சுத்தப்படுத்தல் அல்ல, நடத்தை மாற்றம். அதைத் தனி பேட்சாக அனுப்பச் சொல்லுங்கள். ஃபைலை நகர்த்துவதையும் ஃபிளாக்கை மாற்றுவதையும் ஒரே கமிட்டில் சேர்த்திருந்தால் அதையும் பிரிக்கச் சொல்லுங்கள். வரிசையில் உள்ள ஒவ்வொரு பேட்சும் தனியாக பில்ட் ஆக வேண்டும். இல்லாவிட்டால் பின்னாளில் பிழை நுழைந்த கமிட்டைத் தேட கிட் பைசெக்ட் ஓட்டுகிறவர் நடுவழியில் மாட்டிக்கொள்வார்.

பேட்சில் புதிய மேக் வசதியோ கம்பைலர் ஃபிளாக்கோ வந்தால், கர்னல் ஆதரிக்கும் மிகப் பழைய பதிப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தபட்சப் பதிப்புகளின் பட்டியல் கர்னல் ஆவணங்களில் இருக்கிறது. கர்னல் 5.15-இல் ஜிசிசி கம்பைலருக்கு 5.1 என்று இருந்த எல்லை, 6.16-இல் 8.1 ஆனது. ஸ்டேபிள் கிளைகளுக்கு (தொடர்ந்து பராமரிக்கப்படும் பழைய பதிப்புகள்) எடுத்துப்போகப்படும் பேட்ச் என்றால் அந்தப் பழைய எல்லையைத்தான் பார்க்க வேண்டும்.

ஒப்பிடத் தகுந்த இரண்டு பில்ட்

ஒப்பீட்டில் வேலையைக் கெடுப்பது பாதையும் நேரமும். ஒரே சோர்ஸ் டைரக்டரியை வைத்துக்கொண்டு மேக்குக்கு "ஓ=" கொடுத்து, சோர்ஸுக்கு வெளியே தனி அவுட்புட் டைரக்டரியில் பில்ட் செய்யுங்கள். பேட்சுக்கு முந்தைய கமிட்டில் பில்ட் முடிந்ததும் அந்த அவுட்புட் டைரக்டரியின் பெயரை மாற்றி ஒதுக்கிவையுங்கள். பிறகு பேட்சைப் போட்டு, முதலில் இருந்த அதே பெயரில் மறுபடி பில்ட் செய்யுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு பாதை கொடுத்தால் டீபக் தகவலில் அந்தப் பாதை ஏறிவிடும். பிறகு எல்லா ஃபைலும் வேறுபட்டதாகவே தெரியும்.

கேபில்ட்_பில்ட்_டைம்ஸ்டாம்ப், கேபில்ட்_பில்ட்_யூசர், கேபில்ட்_பில்ட்_ஹோஸ்ட், கேபில்ட்_பில்ட்_வெர்ஷன் ஆகிய நான்கு சூழல் மாறிகளுக்கும் நிலையான மதிப்பு கொடுங்கள். கடைசியானதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது லிங்க் செய்யும்போதெல்லாம் ஒன்று கூடும் எண். கான்ஃபிகில் லோக்கல்வெர்ஷன்_ஆட்டோவை அணைத்துவிடுங்கள், இல்லையேல் கமிட் ஹாஷ் பதிப்பு எண்ணில் ஒட்டிக்கொள்ளும். மாட்யூல் (தேவைப்படும்போது கர்னலில் ஏற்றும் தனித் துண்டு) கையொப்பத்தையும், ஸ்ட்ரக்சர் வரிசையைக் கலைக்கும் ராண்ட்ஸ்ட்ரக்டையும் அணைக்க வேண்டும். இரண்டும் பில்டுக்குப் பில்ட் புதிய சாவியையோ புதிய விதையையோ உருவாக்கும்.

இதெல்லாம் செய்த பிறகு, பேட்சைத் தொடாமல் பழைய கமிட்டையே இரண்டு முறை பில்ட் செய்து ஒப்பிடுங்கள். அவை இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த ஒப்பீட்டை நம்பலாம். பலர் தாண்டிப்போகிற படி இதுதான். இதைத் தாண்டினால், கிடைக்கும் வேறுபாடு பேட்சால் வந்ததா, சூழலால் வந்ததா என்று சொல்ல முடியாது.

ஒப்பிடும்போது சுலபமானதிலிருந்து தொடங்குங்கள். அவுட்புட் டைரக்டரியில் மாட்யூல்ஸ்.ஆர்டர், மாட்யூல்ஸ்.பில்ட்இன் என்று இரண்டு ஃபைல்கள் இருக்கும்: மாட்யூலாக பில்ட் ஆனவை ஒன்றில், கர்னலுக்குள்ளேயே சேர்ந்தவை மற்றதில். இரண்டையும் டிஃப் போட்டால், காணாமல் போன டிரைவர் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அடுத்து விஎம்லினக்ஸையும் (கர்னல் பைனரி) எல்லா .கேஓ ஃபைல்களையும் (மாட்யூல்கள்) பைட் பைட்டாகப் பார்க்கும் சிஎம்பி மூலம் ஒப்பிடுங்கள். வேறுபட்டவற்றுக்கு மட்டும், வேறுபாட்டை விரித்துக் காட்டும் டிஃப்ஆஸ்கோப்பைப் பயன்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் போட்டால் நாள் முழுக்க ஓடும். ஃபிளாக் மாற்றும் பேட்சில் பைனரி மாறத்தான் செய்யும். அங்கே பார்க்க வேண்டியது .சிஎம்டி ஃபைல்களை. ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் புள்ளியில் தொடங்கும் ஒரு .சிஎம்டி ஃபைலை கேபில்ட் விட்டுவைக்கிறது. அதன் முதல் வரியில் அந்த ஆப்ஜெக்டைக் கம்பைல் செய்த முழுக் கட்டளையும் இருக்கும். எல்லாவற்றின் முதல் வரியையும் திரட்டி, வரிசைப்படுத்தி, டிஃப் போடுங்கள். ஒரு டைரக்டரிக்கு என்று சொல்லிச் சேர்த்த ஃபிளாக் அதன் துணை டைரக்டரிகளுக்கும் பரவியிருக்கிறதா, வேண்டிய ஒரு ஃபைலுக்கு மட்டும் போகாமல் விட்டதா என்பது இங்கேதான் தெரியும்.

கேகான்ஃபிக்: செலக்ட், டிபெண்ட்ஸ், பெயர் மாற்றம்

கேகான்ஃபிக் பேட்சில் முதலில் பார்க்க வேண்டிய சொல் "செலக்ட்". அது குறிப்பிட்ட ஆப்ஷனைக் கட்டாயமாக இயக்கிவிடும். அந்த ஆப்ஷனுக்கு இருக்கும் டிபெண்டன்சியை (வேறு எது இருந்தால்தான் அது இயங்கலாம் என்ற நிபந்தனை) பொருட்படுத்தாது. ஐ2சி பஸ்ஸில் பேசும் சென்சார் டிரைவரை எடுத்துக்கொள்வோம். அது "செலக்ட் ரெக்மேப்_ஐ2சி" என்கிறது. ரெக்மேப்_ஐ2சியோ "டிபெண்ட்ஸ் ஆன் ஐ2சி". பேட்ச் எழுதியவரின் மெஷினில் ஐ2சி எப்போதும் இயங்கிக்கொண்டிருப்பதால் எல்லாம் ஓடுகிறது. ஐ2சி இல்லாத கான்ஃபிகில் ரெக்மேப்_ஐ2சி மட்டும் இயங்கி, அது அழைக்கும் ஃபங்ஷன்கள் இல்லாமல் பில்ட் உடைகிறது. டிரைவரே "டிபெண்ட்ஸ் ஆன் ஐ2சி" என்றும் சொல்லியிருக்க வேண்டும். விதி இதுதான்: செலக்ட் செய்யப்படுவதற்கு டிபெண்டன்சி இருந்தால், செலக்ட் செய்கிறவரும் அதே டிபெண்டன்சியைத் தாங்க வேண்டும். மெனுவில் தெரியும் ஆப்ஷனை செலக்ட் செய்திருந்தாலே காரணம் கேளுங்கள். டிபெண்டன்சி ஏதுமற்ற, மெனுவில் தோன்றாத உதவி ஆப்ஷன்களுக்காகத்தான் செலக்ட் இருக்கிறது.

இத்தகைய மீறலுக்கு "அன்மெட் டைரக்ட் டிபெண்டன்சீஸ்" என்று வார்னிங் வரும், ஆனால் கான்ஃபிக் நிற்காமல் போய்விடும். ஆயிரம் வரி வெளியீட்டில் அது யார் கண்ணிலும் படாது. சோதிக்கும்போது கேகான்ஃபிக்_வெரர்=1 போட்டு ஓட்டுங்கள், வார்னிங் எரராகி நிற்கும்.

என் (இல்லை), எம் (மாட்யூல்), ஒய் (கர்னலுக்குள்) என்று மூன்று மதிப்பு கொள்ளும் டிரைஸ்டேட் ஆப்ஷன்களின் கணக்கும் பலரைக் குழப்புகிறது. நெட்வொர்க் இணைப்புச் செருகிகளுக்கான எஸ்எஃப்பி டிரைவரின் கேகான்ஃபிகில் "டிபெண்ட்ஸ் ஆன் ஹெச்டபிள்யூமான் || ஹெச்டபிள்யூமான்=என்" என்று ஒரு வரி உண்டு (ஹெச்டபிள்யூமான் என்பது ஹார்ட்வேரின் வெப்பம் போன்றவற்றைக் கண்காணிக்கும் பகுதி). முதல் பார்வையில் எப்போதும் உண்மையாகும் வெற்று வரி போலத் தோன்றும். "தேவையில்லாத வரியை நீக்குகிறேன்" என்று பேட்ச் வந்தால் ஏற்றுக்கொள்ளவும் தோன்றும். ஆனால் கேகான்ஃபிகில் என் என்பது 0, எம் என்பது 1, ஒய் என்பது 2. "||" இரண்டில் பெரியதை எடுக்கும். ஹெச்டபிள்யூமான் எம் ஆக இருந்தால் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 0. மொத்தம் 1, அதாவது டிரைவர் எம் வரைதான் போக முடியும். அந்த வரியை நீக்கினால், டிரைவர் கர்னலுக்குள்ளும் ஹெச்டபிள்யூமான் வெளியே மாட்யூலாகவும் அமையும் கான்ஃபிக் சாத்தியமாகிவிடும். உள்ளே இருப்பது வெளியே இருக்கும் ஃபங்ஷனை அழைக்க முடியாமல் லிங்க் உடையும். ஒய், என் மட்டுமே கொள்ளும் பூல் ஆப்ஷன்களில் இது இன்னும் மோசம். டிபெண்டன்சி எம் ஆக இருந்தாலும் பூல் ஒய் ஆகிவிடும் என்பதால், அங்கே "=ஒய்" என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆப்ஷன் பெயரை மாற்றும் பேட்சுகள் ஓசையே இல்லாமல் கெடுப்பவை. பயனர் தன் பழைய .கான்ஃபிகை எடுத்து "மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்" ஓட்டுகிறார். பழைய பெயர் தெரியாத பெயராகக் கைவிடப்படுகிறது. புதிய பெயருக்கு டிஃபால்ட் மதிப்பு, பெரும்பாலும் என், கிடைக்கிறது. ரீபூட் செய்த பிறகுதான் நெட்வொர்க் கார்டு இல்லை என்று தெரியும். நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு டிஸ்ட்ரிபியூஷனின் முழுக் கான்ஃபிகை எடுத்து, பேட்சுக்கு முன்னும் பின்னும் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டி, ஸ்கிரிப்ட்ஸ் டைரக்டரியில் உள்ள டிஃப்கான்ஃபிக் கொண்டு ஒப்பிடுங்கள். கேகான்ஃபிக்_வார்ன்_அன்நோன்_சிம்பல்ஸ்=1 போட்டால் கைவிடப்பட்ட பெயர்களை அதுவே சொல்லும். பிறகு பழைய பெயரைக் கிட் கிரெப்பில் தேடுங்கள். ஆர்க் டைரக்டரிகளின் டெஃப்கான்ஃபிக் ஃபைல்களிலும், சி கோடின் #இஃப்டெஃப் வரிகளிலும் பழைய பெயர் மிச்சமிருக்கும். அந்த #இஃப்டெஃப் எரர் தராது, என்றைக்கும் பொய்யாகவே இருந்துவிடும். ஸ்கிரிப்ட்ஸில் உள்ள செக்கேகான்ஃபிக்சிம்பல்ஸ்.பிஒய் இந்த அனாதைப் பெயர்களைக் கண்டுபிடிக்கத்தான் இருக்கிறது; குறிப்பிட்ட கமிட்டுக்கு மட்டும் ஓட்டவும் முடியும்.

புதிய ஆப்ஷனுக்கு "டிஃபால்ட் ஒய்" போட்டிருந்தால் காரணம் கேளுங்கள். தன் டிரைவர் எல்லோருக்கும் வேண்டும் என்று எழுதுகிறவருக்குத் தோன்றுவது இயல்பு. உலகில் பெரும்பாலோரிடம் அந்த ஹார்ட்வேர் இருக்காது.

மேக்ஃபைல்: மேக்கை இரண்டாவது முறை ஓட்டுங்கள்

முழு பில்ட் முடிந்ததும் எதையும் தொடாமல் மறுபடி மேக் கொடுங்கள். சிஸ்கால் சரிபார்ப்பு போன்ற ஓரிரு வழக்கமான வரிகளைத் தவிர எதுவும் வரக்கூடாது. ஏதாவது மறுபடி கம்பைல் ஆனால் "வி=2" போட்டு ஓட்டுங்கள்; ஒவ்வொரு டார்கெட்டும் (உருவாக்க வேண்டிய ஃபைல்) ஏன் மறுபடி பில்ட் ஆகிறது என்ற காரணம் அதன் பக்கத்திலேயே வரும். "நாட் இன் டார்கெட்ஸ்" என்று வந்தால் பேட்ச் எழுதியவர் டார்கெட்ஸ் பட்டியலில் சேர்க்க மறந்திருக்கிறார், அதனால் .சிஎம்டி ஃபைல் படிக்கப்படாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் "கமாண்ட் லைன் சேஞ்ச்" என்று வந்தால், கட்டளை மாறியதா என்று பார்த்து ஓட்டும் இஃப்_சேஞ்ச்டு ஒரே டார்கெட்டுக்கு இரண்டு முறை அழைக்கப்பட்டிருக்கலாம்: இரண்டாவது அழைப்பு முதலாவதின் .சிஎம்டியை அழித்து எழுதுகிறது.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் கெட்டது. இஃப்_சேஞ்ச்டு பயன்படுத்தும் விதியில் ஃபோர்ஸ் என்ற டிபெண்டன்சி இருந்தே ஆக வேண்டும். அது இல்லையென்றால், இன்புட் ஃபைல் புதிதாக இல்லாதவரை மேக் அந்த விதியை எட்டிக்கூடப் பார்க்காது. ஃபிளாக் மாறியும் பழைய ஆப்ஜெக்டே தங்கிவிடும். அண்மைக் கர்னல்கள் இதற்கு வார்னிங் தருகின்றன. ஆனாலும் ஃபிளாக் ஒன்றை மாற்றிவிட்டு, கிளீன் செய்யாமல் பில்ட் செய்து, அந்த ஆப்ஜெக்ட் உண்மையில் மறுபடி கம்பைல் ஆகிறதா என்று கையால் சோதிப்பதே நம்பகமானது. ஹெடர் ஃபைலை உருவாக்கும் விதி என்றால் ஃபைல்செக் பயன்படுத்தச் சொல்லுங்கள். அது தற்காலிக ஃபைலில் எழுதி, உள்ளடக்கம் மாறியிருந்தால் மட்டுமே பழையதை மாற்றும். நேரடியாக எழுதினால் நேர முத்திரை ஒவ்வொரு முறையும் புதிதாகி, அந்த ஹெடரைச் சேர்க்கும் எல்லாம் மறுபடி கம்பைல் ஆகும்.

விடுபட்ட டிபெண்டன்சி சாதாரண பில்டில் தற்செயலாக மறைந்துகொள்ளும், ஏனெனில் மேக் எப்போதும் எழுதிய வரிசையிலேயே போகிறது. 2022 அக்டோபரில் வந்த குனு மேக் 4.4-இல் "--ஷஃபிள்" என்ற வசதி சேர்ந்தது. டிபெண்டன்சி வரிசையைக் கலைத்து ஓட்டும். தோற்றால் எரர் வரியிலேயே விதை எண் இருக்கும், அதைக் கொடுத்தால் அதே வரிசை மறுபடி கிடைக்கும். "--ஷஃபிள்=ரிவர்ஸ்" ஒன்றே நிறையப் பிடித்துவிடும். கூடவே, சுத்தமான டைரக்டரியில் பேட்ச் தொட்ட ஒரே ஒரு .ஓ ஃபைலை மட்டும் கேட்டு பில்ட் செய்து பாருங்கள்.

சோர்ஸ் டைரக்டரியை எழுத முடியாதபடி ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து "ஓ=" பில்ட் ஓட்டினால், தவறிப்போய் சோர்ஸுக்குள் எழுதும் விதிகள் உடனே பிடிபடும். உருவாக்கப்படும் புதிய ஃபைல் .கிட்இக்னோரில் இருக்கிறதா, "மேக் கிளீன்" அதை அழிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பேட்சைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, நடுவில் கிளீன் செய்யாமல் பில்ட் செய்யுங்கள். கையால் எழுதிய ஃபைலை உருவாக்கப்படும் ஃபைலாக மாற்றும் பேட்சுகளில் பழைய மிச்சம் தங்கி வம்பு செய்யும். அதற்காகவே ஸ்கிரிப்ட்ஸில் ரிமூவ்-ஸ்டேல்-ஃபைல்ஸ் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது.

ஷெல் வரிகளைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: உபுண்டுவிலும் டெபியனிலும் எஸ்ஹெச் என்பது டாஷ், ஃபெடோராவில் பாஷ். இரட்டைச் சதுர அடைப்பும் "எக்கோ -இ"யும் ஒன்றில் ஓடி மற்றதில் தவறும்.

வரிசை மாற்றினால் என்ன ஆகும்

"ஆப்ஜ்-ஒய் பட்டியலை அகர வரிசையில் அடுக்கினேன்" என்று வரும் பேட்சை ஒருபோதும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். கர்னலுக்குள் சேரும் ஆப்ஜெக்டுகளின் அந்தப் பட்டியலின் வரிசையே லிங்க் வரிசை; ஒரே மட்டத்தில் உள்ள இனிட்கால்கள் (டிரைவர்களைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷன்கள்) பூட்டில் ஓடும் வரிசையும் அதுவே. இரண்டு எஸ்சிஎஸ்ஐ கண்ட்ரோலர்களின் இடம் மாறினால் டிஸ்க்குகளின் பெயர் மாறிப்போகலாம் என்று கேபில்ட் ஆவணமே எச்சரிக்கிறது. மாட்யூல்களுக்கான ஆப்ஜ்-எம் பட்டியலும் விலக்கல்ல: அதன் வரிசை மாட்யூல்ஸ்.ஆர்டரில் ஏறுகிறது, ஒன்றுக்கு மேற்பட்ட மாட்யூல்கள் பொருந்தும்போது மாட்ப்ரோப் அதை வைத்தே முடிவு செய்கிறது.

டைரக்டரி வரிகளிலும் ஒரு பள்ளம் உண்டு. "ஆப்ஜ்-$(கான்ஃபிக்_ஃபூ) += ஃபூ/" என்று எழுதி, ஃபூ எம் ஆக இருந்தால், அந்த டைரக்டரிக்குள் ஆப்ஜ்-ஒய் ஆக உள்ளவை விஎம்லினக்ஸில் சேராது. எரர் வராது. உள்ளே பூல் ஆப்ஷனில் எழுதிய கோடு இருந்தால் தேடிப் பாருங்கள்.

சத்தமில்லாமல் தோற்கும் சோதனைகள்

கம்பைலருக்கு ஒரு ஃபிளாக் தெரியுமா என்று சிசி-ஆப்ஷன் கேட்டுப் பார்க்கும். தெரியாவிட்டால் அமைதியாக விட்டுவிடும். ஃபிளாக் பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் அதையேதான் செய்யும். ஆகவே சிசி-ஆப்ஷன் வரும் ஒவ்வொரு பேட்சிலும், அந்த ஃபிளாக் உண்மையில் கட்டளையில் ஏறுகிறதா என்று ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களிலும் .சிஎம்டி ஃபைலைத் திறந்து பாருங்கள். "-டபிள்யூநோ-" ஃபிளாக்குகளில் எதிர்மாறு: தெரியாத பெயரையும் ஜிசிசி ஏற்றுக்கொள்ளும், அதனால் சோதனை எப்போதும் வெற்றிதான். அவற்றுக்கு சிசி-டிசேபிள்-வார்னிங் இருக்கிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் மென்பொருள் சாட்சி. அதன் சிமேக் ஃபைலில் லேண்ட்லாக் சாண்ட்பாக்ஸ் (புரோகிராமின் அனுமதிகளைக் கட்டுப்படுத்தும் கர்னல் வசதி) கிடைக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு சி கோடைக் கம்பைல் செய்யும் சோதனை இருந்தது. அதில் #இன்க்ளூட் வரிகளுக்கும் ஃபங்ஷனுக்கும் நடுவே, ஒரு வரியில் தனியாக ஒரே ஒரு முற்றுப்புள்ளி சேர்ந்தது. அந்தப் புள்ளியால் சோதனைக் கோடு எந்த மெஷினிலும் கம்பைல் ஆகாது. "லேண்ட்லாக் இல்லை" என்று முடிவாகி, பில்ட் வெற்றிகரமாக முடியும். எத்தனை முறை படித்தாலும் கண் தாண்டிப்போகும் இடம் அது. அதே திட்டத்தின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் புகுத்தப்பட்ட பின்கதவை மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் 2024 மார்ச் 29 அன்று வெளிப்படுத்தினார். அதைத் தூண்டிய பில்ட்-டு-ஹோஸ்ட்.எம்4 ஃபைலின் திருத்திய வடிவம் கிட்டில் இல்லை, வெளியிட்ட டார்பாலில் (சோர்ஸ் தொகுப்பு) மட்டுமே இருந்தது. மறைத்த கோடு டெஸ்ட் ஃபைல்களுக்குள் கிடந்தது.

எனவே, கண்டறியும் சோதனையைத் தொடும் பேட்ச் எதுவானாலும், அந்த வசதி நிச்சயமாக உள்ள ஒரு மெஷினில் பில்ட் செய்து, விடை "உண்டு" என்று வருகிறதா என்று பாருங்கள். சோதனைக் கோடைத் தனியாக எடுத்துக் கையால் கம்பைல் செய்து எரர் என்ன என்று படியுங்கள். பில்டின்போது பைனரி ஃபைலை விரித்து இயக்கும் வரி, நெட்வொர்க்கிலிருந்து இழுக்கும் வரி, உரையைக் கட்டளையாக்கி இயக்கும் இவால் வரி எதுவும் விளக்கமின்றி உள்ளே போகக்கூடாது.

எத்தனை கான்ஃபிக் போதும்

குறைந்தது இவ்வளவு: எக்ஸ்86_64, ஆர்ம்64, ஒரு 32-பிட் (ஆர்ம் போதும்), பெரிய பைட்டை முதலில் வைக்கும் ஒரு பிக்-எண்டியன் (எஸ்390). கிராஸ் கம்பைலர்கள் (வேறு ஆர்க்கிடெக்சருக்கு பில்ட் செய்பவை) கர்னல்.ஆர்க் தளத்தில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன; எல்எல்விஎம்=1 போட்டால் ஒரே கிளாங் பல ஆர்க்கிடெக்சருக்குப் போதும். பில்டின் நடுவே ஓடும் உதவி புரோகிராம்கள் ஹோஸ்ட்புரோக்ஸில் (பில்ட் மெஷினிலேயே ஓட வேண்டியவற்றின் பட்டியல்) இருக்கின்றனவா என்பது கிராஸ் பில்டில்தான் தெரியும். ஒவ்வொன்றிலும் ஆல்நோகான்ஃபிக் (முடிந்ததெல்லாம் என்), ஆல்மாட்கான்ஃபிக் (முடிந்ததெல்லாம் எம்), ஆல்யெஸ்கான்ஃபிக் (முடிந்ததெல்லாம் ஒய்) மூன்றையும் ஓட்டுங்கள். முதலாவது, ஏதோ ஒன்று எப்போதும் இயங்கும் என்று நம்பிய கோடைப் பிடிக்கும். இரண்டாவது எக்ஸ்போர்ட் செய்யாமல் விட்டதை. மூன்றாவது ஒரே பெயரில் மோதும் ஃபங்ஷன்களை. ஒய்யும் எம்மும் கலந்த சிக்கல்களுக்கு, ஆப்ஷன்களைத் தாறுமாறாக அமைக்கும் ராண்ட்கான்ஃபிக் மட்டுமே மருந்து. சந்தேகத்துக்குரிய ஆப்ஷன்களைக் கேகான்ஃபிக்_ஆல்கான்ஃபிக் மூலம் நிலைநிறுத்திவிட்டு இருபது, முப்பது முறை ஓட்டுங்கள். உடைந்தால் அது காட்டும் கேகான்ஃபிக்_சீட் எண்ணைக் குறித்துப் பதிலில் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாமல் எழுதினால் மறுமுனையில் இருப்பவரால் அதே கான்ஃபிகைத் திரும்பப் பெற முடியாது.

பதில் எழுதும்போது எதை ஓட்டினீர்களோ அதையே சொல்லுங்கள். பில்ட் செய்து பார்த்ததற்கு டெஸ்டட்-பை, ஆர்க்கிடெக்சரையும் கான்ஃபிகையும் குறிப்பிட்டு. டிஃப்பைப் படித்து, விளைவை ஒப்பிட்டு, சரி என்று பொறுப்பேற்றால் மட்டும் ரிவ்யூட்-பை. கர்னல் டெஸ்ட் ரோபோ பல ஆர்க்கிடெக்சர்களில் ராண்ட்கான்ஃபிக் ஓட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்குச் சில நாள் அவகாசம் கொடுங்கள். மெர்ஜ் விண்டோ (அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் காலம்) திறக்கும் நேரத்தில் வந்த பில்ட் பேட்ச் எவ்வளவு சிறிதானாலும் சோதனைக் கிளையான லினக்ஸ்-நெக்ஸ்ட்டில் சில நாட்கள் இருந்து வரட்டும், அல்லது அடுத்த சுற்றுக்குப் போகட்டும்.